நட்ஸ் அலர்ஜியோடு விமானம் ஏறும் முன்: எந்த ஏற்பாடு கைகொடுக்கும்?

என் மகளுக்கு முந்திரி ஆகாது, வேர்க்கடலையும் ஆகாது. ஏதோ வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்கிற ரகம் இல்லை இது. நான்கு வயதில் ஒரு முந்திரித் துண்டைக் கடித்தாள், பிடிக்காமல் துப்பியும்விட்டாள். பத்து நிமிடத்துக்குள் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, இருமல் தொடங்கி, குரலே வேறு யாருடைய குரலோ போல ஆகிவிட்டது. அன்றிலிருந்து, கடும் அலர்ஜியை உடனே அடக்கும் அட்ரினலின் ஊசி இல்லாமல் நாங்கள் வாசற்படி தாண்டுவதில்லை. இப்போது அவளுக்கு 11 வயது. இதுவரை எட்டு முறை விமானத்தில் போய் வந்திருக்கிறோம், ஒவ்வொரு முறையும் எதையாவது மாற்றிப் பார்த்திருக்கிறோம். அடுத்த மாதம் இன்னொரு நீண்ட பயணம் இருக்கிறது, அதற்காக மறுபடி எல்லாவற்றையும் உட்கார்ந்து யோசித்தபோது, இதே நிலையில் இருக்கும் மற்ற பெற்றோருக்கும், இந்த அலர்ஜியோடு தனியாகப் பறக்கும் பெரியவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமான நிறுவனம் செய்து தருவதாகச் சொல்லும் ஏற்பாடுகளைவிட, நம் கையால் நாமே செய்துகொள்கிற மூன்று காரியங்கள்தான் அதிகம் காப்பாற்றுகின்றன: நம் சாப்பாட்டை நாமே கொண்டுபோவது, உட்காரும் இடத்தைத் துடைப்பது, மருந்தை உடம்போடு வைத்திருப்பது. நிறுவனத்திடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேளுங்கள், நானும் கேட்கிறேன். ஆனால் கேட்பதில் முக்கால்வாசி இந்த மூன்றையும் செய்ய இடம் தருவார்களா என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

காற்றா, கையா?

பயத்தில் பாதி காற்றைப் பற்றியது. மூடிய குழாய் மாதிரி ஓர் இடம், அதில் நூற்றைம்பது பேர் ஒரே நேரத்தில் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் என்ன ஆகும் என்று நினைத்து நான் தூங்காமல் இருந்த இரவுகள் உண்டு. பிறகு படித்துத் தெரிந்துகொண்டது வேறு. கேபினில் காற்று தலைக்கு மேலிருந்து இறங்கி, கால் பக்கம் சுவரோரமாக வெளியேறுகிறது. முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு நீளவாக்கில் பெரிதாக ஓடுவதில்லை. ஒரு மணி நேரத்தில் 20 முதல் 30 முறை காற்று முழுவதும் மாறிவிடுகிறது. மறுசுழற்சிக்குப் போகும் பங்கு, பெரும்பாலான பெரிய விமானங்களில் ஹெப்பா வடிகட்டி வழியாகத்தான் திரும்பி வருகிறது. 0.3 மைக்ரான் அளவுத் துகளிலேயே 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும் வடிகட்டி அது.

பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் கேட்டுக்கொண்டதன் பேரில், வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து ஒரு கட்டுரை 2024-ல் மருத்துவ இதழில் வந்தது. நட்ஸ் புரதம் கேபின் காற்றோட்டம் வழியாகப் பரவி அலர்ஜியைக் கிளப்புகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு. தரையில் நடப்பதோடு ஒப்பிட்டால் விமானத்தில் அலர்ஜிப் பிரச்சினை வருவது 10 முதல் 100 மடங்கு குறைவு என்றும் சொன்னார்கள். நாமெல்லோரும் விமானத்தில் கூடுதல் கவனமாக இருப்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன், அதனால் அந்த எண்ணைப் பார்த்து யாரும் அசட்டையாகிவிட வேண்டாம். 2003-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு இன்னும் நேரடியானது. வேர்க்கடலைக்குக் கடுமையான அலர்ஜி உள்ள 30 குழந்தைகளின் முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் பத்து நிமிடம் பீனட் பட்டரை வைத்தார்கள், தோலிலும் ஒரு நிமிடம் தடவிப் பார்த்தார்கள். தடவிய இடத்தில் சிவப்பும் அரிப்பும் சிலருக்கு வந்தன. உடம்பு முழுக்கப் பாதிக்கும் அலர்ஜி ஒருவருக்கும் வரவில்லை. வாசனை என்பது ஆவியாகிற சின்ன மூலக்கூறுகள், அலர்ஜியைக் கிளப்புவது புரதம், இரண்டும் வேறு. பக்கத்துச் சீட்டில் ஒருவர் தோலோடு இருக்கும் கடலையை உடைத்து உடைத்துத் தின்றால் தூசி பறக்கும், அது வேறு கதை, அங்கே இடம் மாற்றிக் கேட்க வேண்டியதுதான். ஆனால் பத்து வரிசை தள்ளி ஒருவர் சாப்பிடுவது என்னை இப்போது பயமுறுத்துவதில்லை.

பயமுறுத்துவது தட்டு. முன்சீட்டின் பின்னால் மடக்கி வைத்திருக்கும் அந்தத் தட்டில், நமக்கு முன்னால் அதே சீட்டில் உட்கார்ந்தவர் என்ன சாப்பிட்டார் என்று யாருக்குத் தெரியும்? குழந்தை அதைத் தொடும், அதே விரலால் கண்ணைக் கசக்கும், பிஸ்கட் எடுத்து வாயில் போடும். நிஜ ஆபத்து அந்த வழியாகத்தான் வருகிறது.

அறிவிப்பு, நட்ஸ் இல்லாத வரிசை, முன்னதாக ஏறுவது

நிறுவனத்திடம் கேட்கக்கூடியவற்றில் இந்த மூன்றுதான் பெரியவை. ஒலிபெருக்கியில் "அலர்ஜி உள்ள பயணி இருக்கிறார், தயவுசெய்து நட்ஸ் சாப்பிட வேண்டாம்" என்று அறிவிப்பது ஒன்று. முன்னும் பின்னும் உள்ள வரிசைகளிலாவது நட்ஸ் கொடுக்காமல், சாப்பிட விடாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. மற்றவர்களுக்கு முன்னால் நம்மை ஏற விட்டு, இடத்தைத் துடைக்க நேரம் தருவது மூன்றாவது.

அறிவிப்பைத்தான் நான் முன்பு பெரிதாக நம்பினேன். நாங்கள் போன நான்காவது பயணத்தில் அறிவித்தார்கள், நல்ல தெளிவாகவே அறிவித்தார்கள், ஆனால் எங்கள் முன்சீட்டில் இருந்த இளைஞர் காதில் ஹெட்போன் போட்டிருந்தார். அரை மணி நேரம் கழித்து அவர் ஒரு சாக்லேட் பாரைப் பிரித்தார், உள்ளே முழு ஹேசல்நட். நாங்கள் சொன்னவுடனே சங்கடப்பட்டு உள்ளே வைத்துவிட்டார், நல்ல பையன். அவர் மேல் தவறே இல்லை. ஆனால் அந்த அரை மணி நேரமும் அறிவிப்பு எங்களைக் காப்பதாக நான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்கு அந்த மொழி புரிந்தது, தன் கையில் இருக்கும் பிஸ்கட்டில் முந்திரித் தூள் இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அறிவிப்பு கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், சில பேராவது பொட்டலத்தை மூடி வைப்பார்கள். அதை நம்பித் துடைக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

பாதுகாப்பு வளையம் மாதிரி சுற்று வரிசைகளில் நட்ஸ் இல்லாமல் வைப்பது, எனக்கு அறிவிப்பைவிடப் பிடிக்கும், ஏனென்றால் பணியாளர் அந்தப் பத்துப் பதினைந்து பேரிடம் நேரில் பேசுகிறார். நேரில் கேட்டால் மனிதர்கள் பெரும்பாலும் ஒத்துழைக்கிறார்கள். கனடாவில் இது சட்டமாகவே இருக்கிறது: 2010-ல் அங்குள்ள போக்குவரத்து முகமை ஏர் கனடாவுக்கு இப்படி ஒரு வளையம் ஏற்படுத்தித் தரச் சொன்னது, 2020-ல் வந்த அணுகல் விதிகள், கடுமையான அலர்ஜியால் ஊனமுற்றவராகக் கருதப்படும் பயணி கேட்டால் மற்ற நிறுவனங்களும் அதைச் செய்ய வேண்டும் என்று ஆக்கின. மற்ற நாடுகளில் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் மனசுதான்.

முன்னதாக ஏறுவது பார்க்கச் சின்ன விஷயமாகத் தெரியும். மூன்றில் நான் ஒன்றை மட்டும்தான் கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்பேன். இருபது பேர் பின்னால் பை தூக்கிக்கொண்டு நிற்கும்போது ஒரு சீட்டை ஒழுங்காகத் துடைக்க முடியாது, துடைத்த மாதிரி பேர் பண்ணத்தான் முடியும். அமெரிக்காவில் நட்ஸ் அலர்ஜி உள்ளவர்கள் சீட்டைத் துடைக்க முன்னதாக ஏறக் கேட்டால் அனுமதிக்க வேண்டும் என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2019-ல் தெளிவுபடுத்தியது. மற்ற இடங்களிலும் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடுகிறார்கள், போர்டிங் தொடங்குவதற்கு முன்பே கேட்டில் இருப்பவரிடம் போய்ப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு ஆய்வும் இங்கே பொருந்தும். 2013-ல் வெளியான, பல நாடுகளைச் சேர்ந்த 3,273 பேரிடம் கேட்டு எடுத்த கணக்கில், 349 பேர் விமானத்தில் அலர்ஜி வந்ததாகச் சொன்னார்கள், அவர்களில் அட்ரினலின் போட்டுக்கொண்டவர்கள் 13 சதவீதம் பேர்தான். தப்பித்தவர்கள் அதிகம் செய்திருந்த காரியங்கள் எட்டு. அவற்றில் தட்டைத் துடைப்பது, விமானத் தலையணையைத் தொடாமல் இருப்பது, போர்வையைத் தொடாமல் இருப்பது, விமானச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் இருப்பது ஆகிய நான்கும் நாமே செய்யக்கூடியவை. மற்ற நான்கும் கேட்டுப் பெறுவது. இது அவரவர் சொன்னதை வைத்து எடுத்த கணக்கு, நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

எந்த நிறுவனம், எந்த வகுப்பு

"நட்ஸ் இல்லாத விமான நிறுவனம் எது" என்று தேடுவதில் நான் நிறைய நேரம் வீணாக்கியிருக்கிறேன். வேர்க்கடலை கொடுப்பதை நிறுத்திய நிறுவனங்கள் உண்டு, அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 2018 ஆகஸ்ட் 1 முதல் நிறுத்தியது. ஆனால் வேர்க்கடலை வேறு, மரத்தில் காய்க்கும் முந்திரி, பாதாம், பிஸ்தா, அக்ரூட் எல்லாம் வேறு. வேர்க்கடலை தாவரவியல்படி அவரைக் குடும்பம். "நாங்கள் பீனட் கொடுப்பதில்லை" என்று சொல்லும் நிறுவனமே அடுத்த நிமிடம் வறுத்த பாதாம் கொடுக்கலாம். அதனால் கேட்கும்போது ஒவ்வொன்றின் பேரையும் தனித்தனியாகச் சொல்லிக் கேளுங்கள். எந்த நிறுவனமும் நட்ஸே இருக்காது என்று உத்தரவாதம் தராது, தரவும் முடியாது, சக பயணிகளின் பைக்குள் என்ன இருக்கிறது என்பது அவர்கள் கையில் இல்லை.

காசு இருந்தால் மேல் வகுப்பில் போய்விடலாமே, இடம் விசாலம், பக்கத்தில் ஆள் குறைவு என்று என் கணவர் ஒருமுறை சொன்னார். அங்கேதான் பல நிறுவனங்கள் சூடாக்கிய நட்ஸைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுக்கின்றன. எங்கள் பிரச்சினைக்குச் சாதாரண வகுப்பே மேல்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க நான் இப்போது பார்ப்பது மூன்று கேள்விகளுக்கு என்ன பதில் வருகிறது என்பதைத்தான். முன்னதாக ஏற விடுவார்களா? சொந்தச் சாப்பாடு சாப்பிடத் தடை ஏதும் உண்டா? சொன்னால் அந்த விமானத்தில் நட்ஸ் பரிமாறுவதை நிறுத்துவார்களா? பதிலை எழுத்தில் வாங்கி, அச்செடுத்து வைத்துக்கொள்கிறேன். ஒருமுறை தொலைபேசியில் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார்கள், விமானத்துக்குள் போனால் பணியாளர்களுக்கு ஒரு தகவலும் போகவில்லை. டிக்கெட் விற்ற நிறுவனம் ஒன்று, விமானத்தை ஓட்டிய நிறுவனம் வேறு. அப்புறம்தான் புரிந்தது, ஓட்டுகிற நிறுவனத்திடம்தான் பேச வேண்டும், அவர்களுடைய விதிதான் செல்லும்.

சொல்லாமலே போய்விடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சொன்னால் மருத்துவச் சான்று கேட்பார்கள், ஏற விடாமல் தடுத்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, பயணி பறக்கத் தகுதியானவரா என்ற சந்தேகம் வந்தால் ஏற்ற மறுக்கும் அதிகாரம் கேப்டனுக்கு உண்டு. ஆனால் அந்த மாதிரிச் சிக்கல் வர அதிக வாய்ப்பு, கதவு மூடும் நேரத்தில் முதல் முறையாகச் சொல்லும்போதுதான். டிக்கெட் போடும்போதே சொல்லி, மருத்துவர் கடிதம் கையில் வைத்துக்கொண்டு, பதற்றமில்லாமல் பேசினால் எங்களுக்கு ஒரு முறையும் பிரச்சினை வந்ததில்லை. தவிர, நடுவானில் ஏதாவது ஆனால், முன்பே தெரிந்த பணியாளர் வருவதற்கும் ஒன்றும் தெரியாதவர் வருவதற்கும் உள்ள வித்தியாசம் சில நிமிடங்கள். அந்த நிமிடங்கள் எங்களுக்கு வேண்டும்.

நேரடியா, மாறிப் போவதா, பகலா, இரவா

இதில் நான் ரொம்ப நாள் தவறாக யோசித்துக்கொண்டிருந்தேன். நடுவில் இறங்கி மாறிப் போனால் மருத்துவமனை பக்கத்தில் இருக்கும், கடல் மேல் அத்தனை நேரம் தொங்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்று நினைத்தேன். கடல் தாண்டும் பாதைகளில் இரட்டை எஞ்சின் விமானம் அருகிலுள்ள விமான நிலையத்திலிருந்து மூன்று மணி நேர தூரம் வரை, சில நேரம் அதற்கு மேலும், பறக்க அனுமதி உண்டு என்பது உண்மைதான். ஆனால் தரைக்கு மேல் பறந்தாலும் திருப்பி, இறக்கி, ஆம்புலன்ஸ் ஏற அரை மணி நேரத்துக்குக் குறையாது. அட்ரினலின் வேலை செய்ய வேண்டியது முதல் சில நிமிடங்களில். ஆக இரண்டு வகைப் பயணத்திலும் முதல் மருந்து நம் கையில் இருப்பதுதான். மாறிப் போவதில் கிடைக்கும் லாபத்தைவிட நஷ்டம் அதிகம்: இரண்டு சீட் துடைக்க வேண்டும், இரண்டு பணியாளர் குழுவிடம் சொல்ல வேண்டும், நடுவில் ஒரு விமான நிலையத்தில் பசியோடு ஐந்து மணி நேரம் காத்திருந்து எதையாவது வாங்கிச் சாப்பிடத் தோன்றும். நேரடி விமானம் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்தும் அதையே எடுக்கிறேன். கடல் தாண்டுகிற பயணமென்றால் ஊசி இரண்டுக்குப் பதில் நான்கு.

பகலா இரவா என்பதை யாரும் பேசி நான் கேட்டதில்லை, பேச வேண்டிய விஷயம். வேர்க்கடலை அலர்ஜி உள்ள பெரியவர்களை வைத்து பிரிட்டனில் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், தூக்கம் கெட்டால் அலர்ஜி கிளம்பத் தேவையான அளவு சுமார் 45 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். உடற்பயிற்சியும் அதே அளவு குறைத்தது. அதாவது நன்றாகத் தூங்கிய உடம்பு தாங்கிக்கொள்ளும் துளியை, தூங்காத உடம்பு தாங்காது. நள்ளிரவு விமானத்துக்காக விழித்திருந்து, கனமான பைகளோடு கேட்டுக்கு ஓடி, களைத்து உட்கார்ந்த நிலையில் இருக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். பெரியவர்களுக்கு மதுவும் சில வலி மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யக்கூடும். இரவு விமானத்தில் இன்னொரு சங்கடம், குழந்தை தூங்கும்போது வீக்கமோ தடிப்போ தொடங்கினால் இருட்டில் நமக்குத் தெரியாது. அதனால் எங்கள் தேர்வு பகல். முடிந்தால் காலையில் கிளம்பும் முதல் விமானம், இரவில் சுத்தம் செய்திருக்க வாய்ப்பு அதிகம்.

இருக்கையில் ஜன்னலோரம்தான். தள்ளுவண்டியும் பொட்டலங்களும் கைமாறுவது நடைபாதைப் பக்கம். ஜன்னலோரம் அவள், நடுவில் நான்.

சாப்பாடு

விமானத்தில் சிறப்புச் சாப்பாடு கேட்பது, சொந்தச் சாப்பாடு, சாப்பிடாமல் இருப்பது, இந்த மூன்றில் யோசிக்கவே தேவையில்லை என்று சொல்வேன். சிறப்புச் சாப்பாட்டுப் பட்டியலில் நட்ஸ் இல்லாதது என்று எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான ஒன்றைக் காண்பது அரிது, இருக்கும் இடத்திலும் "தடம் கூட இருக்காது என்று உறுதி சொல்ல முடியாது" என்று கீழே எழுதியிருக்கும். ஒரே சமையல்கூடத்தில் ஆயிரக்கணக்கான சாப்பாடு தயாராகும் இடத்தில் அவர்கள் வேறென்ன எழுத முடியும். வீகன் சாப்பாடு பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள், நேர்மாறு: பாலுக்கும் க்ரீமுக்கும் பதிலாக முந்திரியும் பாதாமும் அரைத்து ஊற்றுவது அதில் சாதாரணம். பழத்தட்டு கேட்டால் ஆபத்து குறைவு, ஆனால் அதுவும் அந்தச் சமையல்கூடத்துக் கத்தியால்தான் வெட்டியிருக்கும்.

வீட்டில் செய்த, பலமுறை சாப்பிட்டுப் பழகிய சாப்பாடு. பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குக் கட்டுங்கள், விமானம் தாமதமானால் அந்தக் கூடுதல் வேளைதான் காப்பாற்றும். பாதுகாப்புச் சோதனையில் திடமான சாப்பாட்டை விடுவார்கள், குழம்பு மாதிரித் தண்ணீராக இருப்பது பல விமான நிலையங்களில் 100 மில்லிலிட்டர் விதிக்குள் மாட்டும். இறங்குகிற நாட்டில் பழம், காய், இறைச்சி கொண்டுவரத் தடை இருந்தால், மீதியை விமானத்திலேயே விட்டுவிட வேண்டும். பயணத்தன்று புதிதாக எதையும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், தரையிலும் வேண்டாம்.

துடைப்பது

எதைக் கொண்டு துடைக்கிறோம் என்பது முக்கியம். அமெரிக்க ஆய்வாளர்கள் 2004-ல் வேர்க்கடலைப் புரதத்தைக் கையிலும் மேசையிலும் தடவி, பிறகு சுத்தம் செய்து அளந்து பார்த்தார்கள். சோப்பும் ஈரத் துடைப்புத் தாள்களும் கையிலிருந்து அதை எடுத்துவிட்டன. வெறும் தண்ணீரும், கை சுத்தம் செய்ய எல்லோரும் பையில் வைத்திருக்கும் சானிடைசர் ஜெல்லும் முழுசாக எடுக்கவில்லை. ஜெல் கிருமியைக் கொல்லும், புரதத்தை அதே இடத்தில் பரப்பி விட்டுவிடும். இதைப் பெரியவர்களே நிறைய பேர் தெரியாமல் இருக்கிறார்கள்.

நாங்கள் ஈரத் துடைப்புத் தாள் ஒரு பெரிய பாக்கெட் எடுத்துப் போகிறோம். தட்டின் மேல்பக்கம், கீழ்பக்கம், அதைப் பூட்டும் கொக்கி, இரண்டு கைப்பிடி, அதிலுள்ள பொத்தான்கள், சீட் பெல்ட்டின் இரும்பு, ஜன்னல் மூடி, திரை. ஒவ்வொரு பகுதிக்கும் புது தாள், இல்லாவிட்டால் ஓரிடத்தில் எடுத்ததை அடுத்த இடத்தில் தேய்த்துவிடுவோம். போன பயணத்தில் தட்டைக் கீழே இறக்கி, அது மடங்கும் கீல் பக்கம் தாளை நுழைத்து இழுத்தேன். செம்பழுப்பு நிறத்தில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. நகத்தில் பாதிகூட இருக்காது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன், வேர்க்கடலைத் தோல். தட்டு பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. என் மகள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள், நான் முடிக்கும் வரை எதையும் தொடவில்லை.

முன்சீட்டின் பையைத் துடைக்க முடியாது, அதைப் பயன்படுத்துவதே இல்லை. சீட்டின் இடுக்கில் கைவிட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மேலே விரிக்க வீட்டுத் துணி ஒன்று, போர்த்திக்கொள்ள வீட்டுப் போர்வை.

மருந்து

இங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டும், அளவும் வகையும் உங்கள் மருத்துவர் சொல்வதுதான், நான் எழுதுவது எதை எதோடு ஒப்பிட்டுப் பார்த்தோம் என்பது மட்டும்.

விமானத்திலேயே மருந்துப் பெட்டி இருக்குமே என்று நம்பிப் போவது சரியான வழி இல்லை. அமெரிக்க விதிப்படி பெரிய பயணிகள் விமானத்தின் அவசரப் பெட்டியில் அட்ரினலின் இருக்க வேண்டும், ஆனால் அது சிறு குப்பியில் இருந்தால் ஊசிக்குழலில் எடுத்து அளவு பார்த்துப் போடத் தெரிந்தவர் வேண்டும். 2008 முதல் 2010 வரை நடந்த கிட்டத்தட்ட 12,000 விமான மருத்துவ அவசரங்களைப் பார்த்த ஓர் ஆய்வில், பயணிகளில் ஒரு மருத்துவர் வந்து உதவியது பாதிக்கும் சற்றுக் குறைவான தடவைகளில்தான். பாதி வாய்ப்பை வைத்து நான் குழந்தையைக் கூட்டிப்போக மாட்டேன்.

ஆட்டோ இன்ஜெக்டர், அதாவது தொடையில் அழுத்தினால் தானே இறங்கும் பேனா மாதிரி ஊசி, எங்கள் முதல் தேர்வு. உடைக்கு மேலேயே தொடையின் வெளிப்பக்கம் போடலாம். பொதுவாக 15 முதல் 30 கிலோ வரை 0.15 மில்லிகிராம், அதற்கு மேல் 0.3. குழந்தை வளரும்போது இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் பழைய ஊசியையே எடுத்துப் போகிறவர்கள் உண்டு. அது கிடைக்காத நாடுகளில் குப்பியும் ஊசிக்குழலும்தான் வழி, அப்படியானால் மருத்துவரிடம் பலமுறை செய்து பழகி, அளவைக் குறித்து ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும், ஆடுகிற விமானத்தில் கை நடுங்கும். மூக்கில் அடிக்கும் அட்ரினலின் ஸ்ப்ரே புதிது, 2024 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 30 கிலோவும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அனுமதி கிடைத்தது. ஊசிக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு இது பெரிய வரம், ஏனென்றால் மருந்து போடத் தாமதிப்பதுதான் உயிருக்கு ஆபத்து. எங்கள் மருத்துவர் கேட்டபோது, ஊசி பழகிவிட்டதால் ஊசியையே தொடர்கிறோம் என்றோம்.

எதுவானாலும் குறைந்தது இரண்டு. முதல் மருந்துக்குப் பிறகு 5 நிமிடத்திலும் சரியாகவில்லையென்றால் இரண்டாவது தேவைப்படும். அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும், மூச்சுத்திணறலையோ ரத்த அழுத்தம் விழுவதையோ தடுக்காது, அதை அட்ரினலினுக்கு மாற்றாக எண்ணக் கூடாது. ஆஸ்துமாவும் இருந்தால் பயணத்துக்கு முன் அது கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எங்கே வைப்பது என்பதில் ஒரு தவறு செய்திருக்கிறோம். இரண்டாவது பயணத்தில் மருந்துப் பையைத் தலைக்கு மேல் உள்ள அறையில் வைத்தோம், எங்கள் வரிசையில் இடமில்லாமல் ஆறு வரிசை பின்னால் போனது. விமானம் குலுங்கத் தொடங்கி, சீட் பெல்ட் விளக்கு நாற்பது நிமிடம் எரிந்தது. பணியாளர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த நாற்பது நிமிடமும் நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது இடுப்பில் கட்டும் பை, அவள் இடுப்பில் இரண்டு, என் இடுப்பில் இரண்டு. சரக்கறையில் போகும் பெட்டியில் ஒருபோதும் போடாதீர்கள்: பெட்டி தொலையலாம், அங்கே குளிர் எவ்வளவு இறங்கும் என்று சொல்ல முடியாது, ஊசி மருந்தை உறைய விடக் கூடாது.

இன்னொன்று, இதைத் தனியாகப் பறக்கும் இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். தொண்டை இறுகுகிற மாதிரித் தோன்றினால் எழுந்து கழிவறைக்குப் போகாதீர்கள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றும். அந்த நிலையில் எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சட்டென்று விழலாம், உள்ளே மயங்கினால் யாருக்கும் தெரியாது. இருக்கும் இடத்திலேயே மருந்தைப் போட்டு, அழைப்பு மணியை அழுத்தி, காலைத் தூக்கிப் படுக்க வைக்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரலாம். சரியாகிவிட்டது போல இருந்தாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம், இறங்கியதும் மருத்துவமனைதான்.

போகாமலே இருப்பது

ரயில் அல்லது கார் இருக்கும் தூரத்துக்கு அதையே எடுப்பதில் ஒரு குறையும் இல்லை. காரில் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ஆனால் பயத்தால் மட்டும் பயணங்களையே விட்டுவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும், அந்தக் குழந்தைகள் தங்கள் பாட்டியையே பல வருடமாகப் பார்க்கவில்லை. அடிக்கடி பறக்க வேண்டியவர்கள் மருத்துவரிடம் ஒமாலிசுமாப் பற்றிக் கேட்கலாம். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களின் உணவு அலர்ஜிக்கு அனுமதிக்கப்பட்ட ஊசி இது. அதற்கான பரிசோதனையில் மருந்து பெற்றவர்களில் 67 சதவீதம் பேர் 600 மில்லிகிராம் வேர்க்கடலைப் புரதத்தைத் தாங்கினார்கள், மருந்தில்லா ஊசி பெற்றவர்களில் 7 சதவீதம். இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நட்ஸைத் தவிர்ப்பதையும் நிறுத்த முடியாது, தெரியாமல் வாய்க்குள் போகும் துளிக்கு ஒரு காப்பு, அவ்வளவுதான். நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

அடுத்த மாதப் பயணம் பதினொரு மணி நேரம். நேரடி விமானம், பகல், சாதாரண வகுப்பு, ஜன்னலோரம். முன்னதாக ஏற விடுவதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது, அறிவிப்பு செய்ய மாட்டோம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள், சரி என்று விட்டுவிட்டேன். ஊசி நான்கின் காலாவதித் தேதியும் நேற்று பார்த்தாகிவிட்டது. இந்த முறை துடைக்கிற வேலை தன்னுடையது என்கிறாள் மகள். கீல் பக்கத்தை முதலில் துடை என்றேன். "தெரியும்மா" என்றாள்.